வரப்பில் எரிந்த விளக்கு

'மர்மப் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை, இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல், ஐவர் கூடி எடுத்து வருக' என்பது சென்ற கார்த்திகைத் திங்களில் எங்கள் வகுப்பினர்க்கு ஆசிரியர் இட்ட பணி. படம் முழுவதும் வேண்டுவதில்லை. கொலையாளி யாவன் என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய பொறுப்பும் இல்லை. கதையின் வாயிலைத் திறந்து வைத்துவிட்டு நாங்கள் விலகிக்கொள்ளலாம். இங்கிலாந்து தேசத்தில் பள்ளி மேல்வகுப்பு மாணாக்கர்க்கு இத்தகைய பயிற்சி பரீட்சையின் ஒரு பகுதியாகவே பல்லாண்டு இருந்ததென்று அவர் கூறினார். இரண்டு நிமிடந்தானே என்று நாங்கள் நகைத்தோம். அந்நகைப்பு மூன்று வாரம் நிலைத்தது.

துப்பறியும் கதையென்றால் நம்மவர்க்கு என்றுமே விருப்பம் உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் எழுதிய நாவல்களைப் பாடப்புத்தகத்தினுள் மறைத்து வைத்துப் படித்தவர்கள் இச்சஞ்சிகையின் மூத்த வாசகருள்ளும் இருத்தல் கூடும். ஆனால் எழுதப்பட்ட மர்மம் வேறு, காட்டப்படும் மர்மம் வேறு. இதனை எங்களுக்கு உணர்த்தும் பொருட்டு ஆசிரியர் சில படங்களின் முதற்பகுதிகளை மட்டும் திரையிட்டார். 1954-ஆம் ஆண்டில் எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்' பாட்டும் நடனமும் இன்றியே நடந்து செல்வது. கதாநாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கின்றான். 1931-இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' என்னும் படத்திலோ கொலை கண்ணுக்குத் தெரிவதேயில்லை. தாய் உணவு மேசையில் மகளுக்காகத் தட்டு வைத்துக் காத்திருக்கின்றாள். தட்டு வெறுமையாகவே இருக்கின்றது. புதரோரத்திலிருந்து ஒரு பந்து உருண்டு வருகின்றது. ஒரு பலூன் தந்திக் கம்பியில் சிக்கிக்கொள்கின்றது. அவ்வளவே. குழந்தைக்கு நேர்ந்ததை அறிய இவை போதும்.

ஹிட்ச்காக் கூறிய விளக்கம் ஒன்றையும் ஆசிரியர் எடுத்துச் சொன்னார். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதை நாம் அறியாதபோது அது வெடித்தால், நமக்கு உண்டாவது சில விநாடித் திடுக்கீடு. குண்டு இருப்பதை நாம் அறிவோம், மேசையருகே இருப்பவர் அறியார் என்றாலோ, அவர் பேசும் வீண்பேச்சு முழுவதும் நமக்கு வேதனையாகிவிடும். இதனை யான் குறிப்புப் புத்தகத்தில் அழகாக எழுதி, அடிக்கோடும் இட்டேன். பிறகு அதனை அடியோடு மறந்துவிட்டு, பிணத்தோடு தொடங்கும் காட்சி ஒன்றை எழுதினேன்.

யான் எழுதியது இது: விடியற்காலம். விளைந்த நெல்வயல். வரப்பின்மேல் ஒரு டார்ச் விளக்கு எரிந்தபடியே கிடக்கின்றது. அதன் ஒளி நெற்கதிர்களினூடே ஊடுருவிச் செல்ல, காமிரா அவ்வொளியைத் தொடர்ந்து செல்கின்றது. ஒளியின் முடிவில் ஒரு கை, பிறகு, முகங்கவிழ்ந்து கிடக்கும் மனிதன், சட்டையில் குருதி. சைக்கிளில் வரும் ஒருவன் அதனைக் கண்டு நிற்கின்றான். நண்பர்கள் மிகவும் மெச்சினார்கள். 'எரியும் விளக்கை எங்கிருந்தப்பா பிடித்தாய்?' என்று ஒருவன் கேட்டான். யான் விடை கூறாது புன்னகை செய்தேன். அப்புன்னகையைப் பற்றிப் பின்னர்ச் சொல்லவேண்டியிருக்கின்றது.

வயலுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தபோது, 'எங்கள் ஆயா வீடு ஒதியம்பட்டில் இருக்கின்றது' என்றேன். புதுவைப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றழைப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பொங்கல் விடுமுறை கழிந்த முதற் சனிக்கிழமைக்கு ஏற்பாடாயிற்று.

ஒதியம்பட்டு, புதுவைக்கு மேற்கே வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர். ஒதிய மரத்தின் பெயரால் வந்த பெயராயிருக்கலாம் என்பது என் ஊகம். 'ஒதி பெருத்தால் உத்திரமாகுமா' என்று நம் பழமொழி அம்மரத்தை இழித்துக் கூறுவது ஊரார்க்குச் சிறிதும் மனவருத்தம் தந்ததாகத் தெரியவில்லை. அண்மையில் சங்கராபரணி ஆறு ஓடுகின்றது. வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து அன்னையின் ஆலயமும் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு 1879-இல் இட்ட இருப்புப் பாதையும் அவ்வூர் வழியே செல்கின்றது. நாங்கள் வெள்ளிக்கிழமை மாலை வில்லியனூர் ஸ்டேஷனில் இறங்கி, காமிராப் பெட்டி, முக்காலி, வெளிச்சத்தைத் திருப்புவதற்கான தெர்மோகோல் பலகை இவற்றைச் சுமந்து ஊருக்குள் நுழைந்தபோது, ஒரு பெரியவர் எங்களைத் தடுத்து நிறுத்தி, 'புலி எங்கே?' என்று வினவினார். 'லைஃப் ஆஃப் பை' என்னும் படத்தின் சில பகுதிகள் புதுவையில் எடுக்கப்பட்டு 2012-இல் வெளிவந்தது முதல், காமிராவோடு வருபவரிடமெல்லாம் அவர் இதையே கேட்பாராம்.

எங்கள் ஆயாவின் வீடு தெருவின் கடைசியில் உள்ளது. வாசலுக்கு எதிரே வண்டிப் பாதை. அதற்கப்பால் எங்கள் வயல். ஆயாவுக்கு வயது எழுபதுக்கு மேலாகின்றது. பாட்டனார் இறந்தபின் சிற்றப்பாவும் சிறிய தாயாரும் உடன் இருக்கின்றார்கள். ஐந்து பையன்கள் வந்ததைக் கண்டு ஆயா அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. என்ன படம் எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். 'வயலைப் படம் எடுக்கப்போகிறோம்' என்றேன். பொய்யன்று, ஆயினும் மெய்யும் ஆகாது.

நிற்க. டார்ச் விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் கொண்டுசென்றது இக்காலத்து வெள்ளொளி விளக்கு. இரவே அதனைச் சோதித்துப் பார்த்தோம். ஆஸ்பத்திரி வெளிச்சம்போல் இருந்ததேயன்றி வயலில் விழுந்த வெளிச்சமாகத் தோன்றவில்லை. காமிராவுக்குப் பொறுப்பான நண்பன், 'பழைய குமிழ் விளக்கு வேண்டும். அதன் செம்மஞ்சள் நிறந்தான் விடியற்காலத்து நீலத்தினிடையே எடுத்துக் காட்டும்' என்றான். அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்கிய விளக்கு என் நினைவுக்கு வந்தது. மூன்று கட்டை போடும் நீண்ட எவரெடி விளக்கு. உலோக உடலில் பூச்சுத் தேய்ந்து, தலைப்பக்கம் நெளிந்திருக்கும். மாட்டுக் கொட்டகைக்குப் போக ஆயா அதைத்தான் எடுப்பார். அனைவரும் உறங்கியபின் யான் அதனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். யான் கேட்கவில்லை.

தை மாதத்தில் அப்பக்கம் சூரியன் 6.30 மணியளவில் உதிக்கும். அதற்குமுன் ஏறத்தாழ 20 நிமிடமே எங்களுக்குரிய நேரம். அதற்கு முன்னெனில் வயல் இருளாயிருக்கும். காமிராவின் உணர்திறனைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். அதற்குப் பின்னெனில் பகலொளியில் டார்ச்சின் ஒளி கரைந்துபோகும். ஐந்தரைக்கே வயலில் இறங்கினோம். பிணமாக நடிக்க இசைந்த நண்பன் குளிரில் நடுங்கிக்கொண்டே படுத்தான். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயமும் சிறிது கொக்கோப் பொடியும் கலந்து குருதி செய்திருந்தோம். நிறம் மெச்சத்தக்கதாகவே இருந்தது. வரப்பெறும்புகளுக்கும் அது பிடித்திருந்தது. முதல் முறை பிணம் முதுகைச் சொறிந்தது. இரண்டாம் முறை பிணம் எழுந்தே ஓடிற்று. மூன்றாம் முறை யாவும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில் வில்லியனூர்ப் பக்கமிருந்து ரயில் ஊதியது. ஒலியைப் பதிவு செய்தவன் தலையில் அடித்துக்கொண்டான். கீழ்வானம் வெளுத்து வந்தது. நான்காம் முறைக்கு யாவரும் மூச்சடக்கி நின்றோம். டார்ச் வரப்பில் எரிந்தது. நண்பன் முகங்கவிழ்ந்து கிடந்தான். காமிரா மெல்ல நகர்ந்தது.

அப்பொழுது ஆயா வந்தார்.

ஒரு கையில் காப்பித் தூக்கும், மறுகையில் அடுக்கிய டம்ளர்களுமாக, எங்கள் பின்புறமாக வரப்பின்மேல் வந்திருக்கின்றார். காமிராவின் கண்ணாடியில் நோக்கியிருந்தவன் அவருடைய பாதங்களைத்தான் முதலிற் கண்டான். அவர் கூவவில்லை. தூக்கையும் டம்ளர்களையும் வரப்பில் வைத்தார். கிடந்தவனைத் தாண்டி விளக்கின் அருகே சென்று, குனிந்து எடுத்து, அதனை அணைத்தார். முந்தானையால் அதன் மேலிருந்த பனியைத் துடைத்தார். இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, எங்களுள் எவரையும் பாராமல், அவர் சொன்னதை அவ்வாறே எழுதுகின்றேன்:

'கட்ட தீந்துபோயிடும்ப்பா. காப்பி ஆறுது, குடிங்க.'

அவ்வளவே சொல்லிச் சென்றுவிட்டார். நண்பர்கள் நகைக்கத் தொடங்கி, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். பிணமாய்க் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து, 'என்னடா?' என்றான். சூரியன் மேலெழுந்துவிட்டான், அன்றைய வேலை முடிந்தது.

இனி அப்புன்னகையின் கதை. என் பாட்டனார் இறந்தபோது எனக்கு எட்டு வயது. இரவில் நீர் பாய்ச்ச வயலுக்குச் சென்றவர் அங்கேயே மாரடைப்பால் இறந்தார் என்பது மட்டுமே சிறுவர்களாகிய எங்களுக்குச் சொல்லப்பட்டது. கருமாதி நாளன்று கதவுக்குப் பின்னே நின்றுகொண்டிருந்தபோது, உறவினர் ஒருவர் மற்றொருவரிடம், 'லைட்டு எரிஞ்சிகிட்டே கெடந்துச்சாம்' என்று கூறியதை யான் கேட்டேன். அச்சொல் என்னைவிட்டு நீங்கவேயில்லை. வகுப்பில் இப்பணி இடப்பட்டபோது, யான் கற்பனை செய்யவே இல்லை. என்னிடம் இருந்ததை எடுத்தேன். சட்டையில் சாயம் பூசினேன். நண்பர்கள் பாராட்டியபோது ஏற்றுக்கொண்டேன். அவ்விளக்கே அவ்விளக்கென்பது எனக்குத் தெரியாதென்று ஒருவாறு சொல்லிக்கொள்ளலாம். தெரிந்துகொள்ள யான் முயலவில்லை என்பதே சரி.

அன்றிரவு நண்பர்கள் மாடியில் உறங்கச் சென்றபின், திண்ணையில் ஆயாவின் அருகே அமர்ந்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டுமென்று வந்தவனுக்கு வாய் எழவில்லை. அவரே பேசினார். சினத்தோடு பேசினாரில்லை, அறுவடைக்கு ஆள் வருவதைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார்.

பாட்டனார் சென்றது விடியற்காலம் மூன்று மணிக்கு. நடவு முடிந்து பயிர் முழங்காலளவும் வளராத காலம். ஆதலால் வாசலிலிருந்து பார்த்தால் வயல் முழுதும் தெரியும். ஆயா ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கும்போது மூன்றாம் வரப்பில் விளக்கின் ஒளி தெரிந்தது. மோட்டார் ஓடும் ஓசையும் கேட்டது. ஒளி அசையவில்லை. பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் போலும் என்று எண்ணினார். கோலம் போட்டார். அன்று ஏதோ விசேடமாகையால் பெரிய கோலம். இடையிடையே நிமிர்ந்து பார்த்தார். விளக்கு அங்கேயே எரிந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். பொழுது புலர்ந்து விளக்கின் ஒளி மங்கிய பிறகுதான், 'வெளிச்சம் வந்தப்புறம் இவர் ஏன் லைட்ட நிறுத்தல?' என்று தோன்றிற்றாம்.

'வெளக்கு எரியுதே, ஆளு நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சிகிட்டே கோலம் போட்டேன்ப்பா. ஒரு மணி நேரம்.'

யான் அடிக்கோடிட்டு எழுதி வைத்த ஹிட்ச்காக்கின் விளக்கம் அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. அந்நேரத்தில் அது நினைவுக்கு வந்ததை எண்ணி நாணினேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் நண்பர்களிடம் யாவற்றையும் சொன்னேன். எங்களுக்குள் வாக்குவாதம் நிகழ்ந்தது. ஒருவன், இப்படத்தையே விட்டுவிடவேண்டும் என்றான். ஒருவன், எடுத்தவரையில் நன்றாகவே வந்திருக்கின்றது, பெயர் ஊர் ஏதும் தெரியாதபோது யாருக்கு என்ன குறை என்றான். அவன் கல்நெஞ்சன் அல்லன், குழுவில் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்பட ஒருவன் வேண்டுமன்றோ? பிணமாக நடித்தவன் மட்டும், 'யான் அங்கே மறுபடி படுக்கமாட்டேன்' என்றான். முடிவு ஏற்படவில்லை. அடுத்த சனிக்கிழமை மீண்டும் செல்வதென்று மட்டும் தீர்மானித்தோம்.

அடுத்த வெள்ளியன்று சென்று பார்த்தால் வயலே இல்லை. வாடகைக்கு வந்த அறுவடை இயந்திரம் இரண்டே மணி நேரத்தில் யாவற்றையும் முடித்துச் சென்றிருந்தது. தாளடியும் வைக்கோலுமே எஞ்சியிருந்தன. முதல் வாரம் எடுத்ததோடு இனி எடுப்பது ஒரு துண்டும் பொருந்தாது. சத்தியஜித் ராய் 1952-இல் 'பதேர் பாஞ்சாலி'க்காக நாணற்பூக் காட்டில் ஒருநாள் படம்பிடித்துவிட்டு அடுத்த வாரம் சென்றபோது, பூவை மாடுகள் தின்று தீர்த்திருந்தனவாம். மிகுதியை எடுக்க அடுத்த பருவம் பூக்கும்வரை காத்திருந்தார். எங்களுக்கு ஓராண்டு ஏது? பங்குனியில் பரீட்சை.

தாளடியைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றபோது, காமிரா நண்பன், 'இங்கிருந்து மூன்றாம் வரப்புத் தெரிகின்றதே' என்றான். அவன் என்ன எண்ணுகின்றான் என்பதை அறிந்தேன். அவன் ஆயாவிடம் தானே கேட்பதாகக் கூறினான். யான் தடுத்து, இம்முறை யானே சென்று கேட்டேன். பிணம் இல்லை, குருதி இல்லை, வாசலில் ஒருவர் கோலம் போடுவதும், தொலைவில் விளக்கு ஒன்று அசையாமல் எரிவதும் மட்டுமே என்றேன். ஆயா நெடுநேரம் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கோலம் யார் போடறது?' என்றார். சிறிய தாயார் போடுவார் என்றேன். பாட்டனார் இறந்தது முதல் அவ்வீட்டு வாசலில் கோலமிடுபவர் சிறிய தாயாரே.

காமிராவை வாசற்படியில் தாழ வைத்து, முக்காலியின் கால்களைச் சுற்றிச் செங்கல் அடுக்கினோம். ஒரு நூலளவு அசைந்தாலும் காட்சி கெட்டுவிடும். முன்புறத்தில் கோலம் போடும் கை. பின்புறத்தில் இருண்ட வயலும், எங்களை நோக்கி வைத்த விளக்கின் ஒரே ஒரு புள்ளியும். வெளிச்ச அளவைக் காமிராவே மாற்றிக்கொள்ளாதபடி பூட்டி வைத்தோம். அப்பொழுதுதான் வானம் வெளுக்க வெளுக்க, விளக்குத் தானே மங்கும். இருள், நீலம், சாம்பல், வெள்ளை என நான்கு பொழுதில் நான்கு துண்டுகள் எடுத்து, ஒன்று மற்றொன்றினுள் கரையுமாறு ஒட்டுவது எங்கள் திட்டம். புள்ளி வைப்பதில் தொடங்கிக் கோலம் நிறைவுறுவதே கடிகாரம். முதல் வாரம் எங்களைத் துரத்திய சூரியன் இம்முறை எங்கள் வேலைக்காரனாயினான்.

ஐந்தரை மணிக்குச் சிறிய தாயார் மாவுக் கிண்ணத்தோடு வந்து குந்தினார். ஆயா உள்ளேயிருந்து வந்து, ஒன்றும் பேசாமல் கிண்ணத்தைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். சிறிய தாயார் எழுந்து நகர்ந்தார். சிற்றப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே மோட்டார்க் கொட்டகைக்குச் சென்றார். மோட்டார் ஓடத் தொடங்கியது. ஆயா புள்ளி வைத்தார். பத்தாண்டுக்கு மேல் கோலமிடாத கை. ஆயினும் புள்ளி ஒன்றும் வரிசை பிறழவில்லை. இடையிடையே நிமிர்ந்து வயலைப் பார்க்கச் சொல்லலாமா என்று நண்பன் என் காதில் கேட்டான். சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார், குனிந்தார், மீண்டும் பார்த்தார். ஒருமுறை ரயில் ஊதியது. ஒலிக்காரன் இம்முறை தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அவ்வூதலை அப்படியே படத்தில் வைத்திருக்கின்றோம்.

மாசி மாதத்தில் துறை மண்டபத்தில் பதினொரு குழுவினரின் காட்சிகளும் திரையிடப்பட்டன. துப்பாக்கி நான்கு, முகமூடி மூன்று, கிணற்றில் விழும் பெட்டி ஒன்று. எங்களுடையது ஓடுகையில் பின் வரிசையிலிருந்து ஒருவர், 'இதில் மர்மம் எங்கே?' என்று உரக்கக் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. கோலம் பாதி முடிந்திருந்த கட்டத்தில் அவர் கேட்கவில்லை. விளக்கு மங்கி, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தபோது, முன்வரிசையில் ஒருவர் மெல்ல, 'ஐயோ, அதைப் போய் நிறுத்துங்களேன்' என்றார். ஆசிரியர் கொடுத்த மதிப்பெண் நடுத்தரமானதே. துண்டுகளை ஒட்டிய இடம் ஒன்று துள்ளுகின்றது, தலைப்பெழுத்து மிகப் பெரிது என்பன அவர் கண்ட குறைகள். இரண்டும் உண்மை.

பங்குனியில் ஊருக்குச் சென்றபோது, படத்தை என் கைப்பேசியில் ஆயாவுக்குக் காட்டினேன். வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு, இரண்டு நிமிடமும் கண்ணிமையாது பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் பார்த்துவிட்டு, விரலால் திரையில் ஓரிடத்தைத் தொட்டு, 'வெளக்கு இங்க இல்லப்பா. இன்னுங் கொஞ்சம் எடப்பக்கம், வாய்க்கா ஓரமா' என்றார்.